குடும்பத்தோட சுவிஸ் ஆல்ப்ஸ் போறீங்களா? ரயில் பாஸ், மலை டிக்கெட் எப்படி முடிவு பண்றதுன்னு படிப்படியா

சுவிஸ் டிரிப்னு முடிவான உடனே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை நாள் பாஸ் வாங்கணும்?". ஆனா அது கடைசில கேக்க வேண்டிய கேள்வி. எந்த மலை, எந்த ஊர்ல தங்கறது, எந்த மாசம், கூட வர்றவங்க வயசு என்ன, இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சுட்டா எந்த பாஸ்ங்கிறது அரைமணி நேர கணக்கு, அவ்ளோதான். பாஸை முதல்ல வாங்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி பிளான் போடறவங்கதான் "காசு குடுத்தாச்சே"ன்னு தினமும் ரயில்லயே உக்காந்து, குழந்தைங்க அழுது, பெரியவங்க கால் வீங்கி திரும்பி வர்றாங்க.

கீழ இருக்கிற வரிசையை மாத்தாம போங்க. ஒவ்வொரு படியோட பதிலும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முதல்ல பாஸ்போர்ட்டை எடுத்து வயசை எழுதுங்க

யார் யார் வர்றாங்க, பயணம் ஆரம்பிக்கிற தேதில அவங்க வயசு என்ன, இதை ஒரு பேப்பர்ல எழுதுங்க. சுவிஸ்ல விலை மொத்தமும் இந்த வயசு கோட்டுல தான் நிக்குது.

6 வயசு முடியாத குழந்தைக்கு பெரியவங்க கூட வந்தா டிக்கெட்டே வேண்டாம். 6லேர்ந்து 15 வரைக்கும் அப்பாவோ அம்மாவோ கூட இருந்தா சுவிஸ் ஃபேமிலி கார்டுல இலவசம், இந்தக் கார்டுக்குத் தனியா காசு கிடையாது, அப்பா அம்மா பாஸ் வாங்கறப்பவே குழந்தை பேரையும் பிறந்த தேதியையும் சேர்த்துக் கேக்கணும். 16 முடிஞ்சிட்டா கதை மாறிடும், அந்தப் பிள்ளைக்கு தனி பாஸ் வேணும், 25 வயசு ஆகறவரைக்கும் சுவிஸ் டிராவல் பாஸ்ல (நாடு முழுக்க ரயில், பஸ், படகுல செல்லுற டூரிஸ்ட் பாஸ்) சுமார் 30 சதவீதம் குறையும். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுல பட்ஜெட் இடிக்கிறது இங்கதான், "குழந்தைங்களுக்கு ஃப்ரீ"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டுட்டு 16 வயசுப் பையனையும் குழந்தை கணக்குல போட்டிருப்பாங்க.

இன்னொரு விஷயம் நம்ம குடும்பங்களுக்கு ரொம்ப முக்கியம். ஃபேமிலி கார்டு அப்பா அம்மா கூட போனா மட்டும்தான் செல்லும். தாத்தா பாட்டி கூடவோ, சித்தி சித்தப்பா கூடவோ குழந்தை தனியா போனா செல்லாது. "நீங்க ரெண்டு பேரும் யுங்ஃப்ராவ்யோக் பனிமலைக்கு போயிட்டு வாங்க, நாங்க பேரனைக் கூட்டிட்டு படகுல போறோம்"னு பாட்டி சொன்னா அன்னைக்கு அந்தப் பேரனுக்கு தனியா பாதி டிக்கெட் எடுக்கணும். குழந்தைங்களுக்கு ஒரு நாளைக்கு மட்டும் எடுக்கிற டே பாஸும் இருக்கு, கூட பெரியவங்க யாராவது வந்தா போதும். அப்படி நாள் பிரிச்சு போகப் போறீங்களான்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க.

2. மாசத்தைப் பாருங்க, மலை திறந்திருக்கான்னு பாருங்க

தமிழ்நாட்டுல ஸ்கூல் லீவு ஏப்ரல் கடைசி, மே. சுவிஸ்ல அது ரெண்டும் கெட்டான் நேரம். பனிச்சறுக்கு சீசன் முடிஞ்சிருக்கும், கோடை சீசன் ஆரம்பிச்சிருக்காது, கேபிள் கார் கம்பெனிங்க எல்லாம் இந்த இடைவெளில தான் வருஷாந்திர பராமரிப்புக்கு மூடுவாங்க. நவம்பர்லயும் இதே கதைதான்.

அதனால மலையோட பேரைப் போட்டு அந்த மலை ரயிலோட சொந்த தளத்துல இயங்குற தேதியைப் பாருங்க, பழைய யூடியூப் வீடியோவை நம்பாதீங்க. ஷினிகே பிளாட்டே, பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மாதிரி பழைய பல்சக்கர ரயில்கள் ஜூன் வாக்குல தான் ஆரம்பிச்சு அக்டோபர்ல முடியும். பிலாட்டஸ்ல ஆல்ப்னாக்ஷ்டாட் பக்கத்துலேர்ந்து ஏறுற செங்குத்து ரயில் குளிர்காலத்துல ஓடாது, கிரீன்ஸ் பக்கத்துலேர்ந்து கேபிள் கார்ல மட்டும்தான் போகலாம்.

யுங்ஃப்ராவ்யோக், ரிகி, கோர்னர்கிராட் மூணும் வருஷம் முழுக்க ஓடுற வகை. மே மாசம் போறவங்க இந்த மாதிரி மலைகளை முதுகெலும்பா வெச்சுக்கிட்டு மத்ததை "திறந்திருந்தா போகலாம்"னு பென்சில்ல எழுதிக்கங்க.

இந்தப் படி ஏன் ரெண்டாவதுன்னா, மூணு மலை இலவசம்னு நம்பி பிராந்திய பாஸ் (ஒரு பகுதிக்குள்ள மட்டும் செல்லுற பாஸ்) வாங்கிட்டு அதுல ரெண்டு மூடியிருந்தா அந்த பாஸுக்கு அர்த்தமே இல்ல.

3. மலையை தேர்ந்தெடுங்க, அப்புறம் வெட்டுங்க

லிஸ்ட் போடச் சொன்னா எல்லாரும் யுங்ஃப்ராவ்யோக், டிட்லிஸ், ஷில்ட்ஹார்ன், பிலாட்டஸ், ரிகி, கோர்னர்கிராட், கூடவே மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ்னு எழுதி வெச்சிருப்பாங்க. குழந்தைங்களோட ஒரு வாரத்துல இது நடக்காது, நடந்தாலும் மூணாவது பனிமலைல குழந்தை வெளியவே வராம கடைல சாக்லேட் தான் கேக்கும்.

நான் சொல்றது: பனி உள்ள உயரமான மலை ஒண்ணு, பச்சையா இருக்கிற மலை ஒண்ணு, முடிஞ்சா விளையாட்டு இருக்கிற மலை ஒண்ணு. போதும்.

பனிக்கு யுங்ஃப்ராவ்யோக் 3454 மீட்டர், டிட்லிஸ் 3000க்கு கொஞ்சம் மேல. ரெண்டுல ஒண்ணு பார்த்தா போதும், பனியைத் தொட்டு விளையாடத்தான் ஆசைன்னா டிட்லிஸ் பாதிக்கும் குறைவான விலைல முடியும். ஆனா பெரிய பனியாறு கண்ணு எட்டுற தூரம் வரைக்கும் நீண்டு போறதைப் பாக்கணும்னா அது யுங்ஃப்ராவ்யோக்ல தான், அலெட்ஷ் பனியாறு. அந்த ஆசை வீட்டுல யாருக்காவது நிஜமா இருந்தா காசு பாக்காதீங்க, இல்லாட்டி டிட்லிஸ்.

பச்சைக்கு ரிகி, 1798 மீட்டர், உயரம் கம்மி, வயசானவங்களுக்கு மூச்சு வாங்காது. படகுல போய் ரயில்ல ஏறலாம்ங்கிறதால போற வழியே பாதி டிரிப். விளையாட்டுக்கு கிரின்டெல்வால்ட்ல ஃபர்ஸ்ட்ங்கிற மலை, இல்ல பிலாட்டஸ் பாதி வழில ஃபிரேக்முன்டெக், அங்க கோடைல சறுக்கு வண்டியும் கயிறு பூங்காவும் இருக்கு.

இதய நோய், கடுமையான மூச்சுக் கோளாறு இருக்கிறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க 3000 மீட்டருக்கு மேல போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. ரயில் சொகுசா ஏத்திட்டுப் போயிடும், அதனாலதான் உயரம் ஏறுறதே தெரியாம மேல போய் தலைசுத்தி உக்காருவாங்க.

4. தங்குற ஊரை மலைக்குப் பக்கமா வைங்க

மலை முடிவானா ஊர் தானா முடிவாகும். ரிகி, பிலாட்டஸ், டிட்லிஸ், ஸ்டான்ஸர்ஹார்ன் எல்லாம் லூசர்னைச் சுத்தி. யுங்ஃப்ராவ்யோக், ஷில்ட்ஹார்ன், ஃபர்ஸ்ட், மென்லிஹென் எல்லாம் இன்டர்லாக்கனைச் சுத்தி. கோர்னர்கிராட்னா செர்மாட்.

ஜூரிக்ல ஒரே ஹோட்டல் போட்டு தினமும் அங்கேர்ந்து போயிட்டு வர்ற பிளான் ஏஜென்ட்டுங்க நிறைய குடுக்கிறாங்க. பெட்டி கட்ட வேண்டாம்ங்கிறது உண்மைதான், ஆனா ஜூரிக்லேர்ந்து யுங்ஃப்ராவ்யோக் போக வர நாள் முழுக்க ஓடிடும், அதுக்கப்புறம் மேகம் வந்தா திரும்பப் போகவும் மனசு வராது. இன்டர்லாக்கன்லயோ லாட்டர்புரூனன்லயோ தங்கினா காலைல ஜன்னலைத் திறந்து பார்த்துட்டு "இன்னைக்கு போலாம்"னு முடிவு பண்ணலாம், அந்த சுதந்திரத்துக்காகத்தான் அங்க தங்கறது.

ஒரு வாரத்துக்கு ரெண்டு ஊர் போதும். செர்மாட்டும் சேக்கணும்னா அங்க ஒரு ராத்திரியாவது தங்குங்க, இன்டர்லாக்கன்லேர்ந்து ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஷ்பீட்ஸ், விஸ்ப் ரெண்டு இடத்துலயும் வண்டி மாறணும்.

ஹோட்டல் புக் பண்ணும்போது கெஸ்ட் கார்டு உண்டான்னு கேட்டு வைங்க. லூசர்ன், இன்டர்லாக்கன் ரெண்டுலயும் தங்குறவங்களுக்கு உள்ளூர் பஸ் இலவசமா வர்ற கார்டு குடுப்பாங்க. இது இருந்தா ஊருக்குள்ள சுத்துற செலவை பாஸ் கணக்குல சேக்கவே வேண்டாம்.

5. முழு விலையை எழுதுங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க

இப்ப எஸ்பிபி ஆப்பைத் திறங்க, சுவிஸ் ரயில்வேயோட ஆப். நீங்க போகப் போற ஒவ்வொரு வழிக்கும் ஒரு ஆளுக்கு, ரெண்டாம் வகுப்புல, தள்ளுபடி எதுவும் இல்லாத விலையை எழுதுங்க.

கவனமா இருக்க வேண்டிய இடம்: பயணியோட விவரத்துல ஹாஃப் ஃபேர் கார்டு (டிக்கெட்டை பாதி விலைக்குத் தர்ற கார்டு) இருக்கிற மாதிரி செட்டிங் இருந்தா ஆப் பாதி விலையைத்தான் காட்டும். சுவிஸ்ல வாழறவங்க நிறைய பேர்கிட்ட அந்தக் கார்டு இருக்கிறதால அங்க அது சகஜம். நம்ம ஆளுங்க அதைப் பார்த்துட்டு "அட, டிக்கெட் இவ்ளோ கம்மியா, பாஸே வேண்டாம்"னு முடிவு பண்ணிடறாங்க, அப்புறம் ரயில்ல டிக்கெட் செக் பண்ண வரும்போது கார்டு எங்கன்னு கேட்டா முழி பிதுங்கும். கார்டு இல்லைன்னு செட் பண்ணிட்டு பாருங்க.

இன்னொண்ணு, ஆப்ல சில வண்டிக்கு மட்டும் சூப்பர்சேவர்னு கம்மி விலை காட்டும். அது அந்த ஒரு வண்டிக்கு மட்டும் செல்லுற டிக்கெட். அதை எழுதாதீங்க, சாதாரண விலையை எழுதுங்க, ஒப்பிடறதுக்கு அதுதான் சரி.

குழந்தைங்க விலையை எழுத வேண்டாம். அப்பா அம்மா கூடவே வந்தா ஃபேமிலி கார்டுல அவங்க செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தாலும் சரி ஹாஃப் ஃபேர் எடுத்தாலும் சரி ரெண்டுக்குமே இந்தக் கார்டு வரும். இது தெரியாம "குழந்தைக்கு ஃப்ரீங்கிறதால டிராவல் பாஸ் எடுத்தோம்"னு சொல்றவங்க நிறைய.

6. மூணு விதமா கணக்கு போடுங்க

இப்ப கைல ஒரு ஆளோட முழு விலைப் பட்டியல் இருக்கு. ஒப்பிட வேண்டியது மூணு பொருள்.

சுவிஸ் டிராவல் பாஸ்: 3, 4, 6, 8, 15 நாள்னு கிடைக்கும், தொடர்ச்சியான நாட்கள். ரயில், பஸ், ஏரிப் படகு, நகரத்து டிராம் எல்லாம் அடங்கும், 500க்கும் அதிகமான மியூசியங்கள் இலவசம். ரிகி, ஸ்டான்ஸர்ஹார்ன், ஷ்டோஸ் மலைகளும் உள்ளயே. மத்த மலைகள்ல பெரும்பாலும் பாதி விலை. யுங்ஃப்ராவ்யோக்குக்கு மட்டும் கிரின்டெல்வால்ட் இல்ல வெங்கன் வரைக்கும் பாஸ்ல போகலாம், அதுக்கு மேல 25 சதவீதம் தான் குறையும்.

ஹாஃப் ஃபேர் கார்டு: ஒரு மாசம் செல்லும். ரயில், பஸ், படகு, மலை எல்லாத்துலயும் கிட்டத்தட்ட பாதி விலை, யுங்ஃப்ராவ்யோக்குக்கும் 50 சதவீதம். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்கணும், அது ஒண்ணுதான் தொல்லை.

மூணாவது பிராந்திய பாஸ், அதை அடுத்த படில பாப்போம்.

ஒரு உதாரணம். அப்பா, அம்மா, 12 வயசு, 8 வயசு. ஆறு நாள். ஜூரிக் ஏர்போர்ட்ல இறங்கி லூசர்ன், அப்புறம் இன்டர்லாக்கன், திரும்ப ஜூரிக். விலை ஏறி இறங்கும்ங்கிறதால கணக்குக்கு தோராயமா வட்டமான எண் போடறேன், உங்க தேதிக்கு உள்ள நிஜ விலையைப் போட்டு நீங்க செய்யணும்.

ஏர்போர்ட்லேர்ந்து லூசர்ன் 30 ஃபிராங்க். படகும் ரயிலும் சேர்த்து ரிகி போயிட்டு வர 120. லூசர்ன்லேர்ந்து இன்டர்லாக்கன் 35. யுங்ஃப்ராவ்யோக் போயிட்டு வர 240. லாட்டர்புரூனன், மியூரன், வெங்கன் சுத்துற ஒரு நாள் 50. திரும்ப ஏர்போர்ட் 75. மொத்தம் 550.

ஹாஃப் ஃபேர்ல: 550ல பாதி 275, கார்டு 150னு வெச்சா 425.

டிராவல் பாஸ்ல: ஆறு நாள் பாஸ் 400னு வெச்சா, யுங்ஃப்ராவ்யோக்குக்கு மேல் பகுதிக்கு 25 சதவீதம் கழிச்சு இன்னும் ஒரு 160, ஆக 560.

ஒரு ஆளுக்கு 135 ஃபிராங்க் வித்தியாசம், ரெண்டு பேருக்கு 270. பாஸே இல்லாம முழு விலைல போறதை விட டிராவல் பாஸ் இங்க அதிகம், கவனிச்சீங்களா? பெரிய பாஸ்தான் லாபம்னு நினைக்கிறது இந்த மாதிரி பிளானுக்குப் பொருந்தாது, ஏன்னா இங்க ரயில் தூரம் கம்மி, செலவுல பாதி ஒரே மலைல இருக்கு, அந்த மலைலதான் டிராவல் பாஸ் கம்மியா தள்ளுபடி குடுக்குது.

சரி, யுங்ஃப்ராவ்யோக்கைத் தூக்கிட்டு எட்டு நாள் நாடு சுத்துற பிளானா மாத்துங்க. லூசர்ன், ரிகி, இன்டர்லாக்கன், பெர்ன் ஒரு நாள், மோன்ட்ரூ, சில்லோன் கோட்டை, செர்மாட், அங்கேர்ந்து ஏர்போர்ட். முழு விலை கூட்டினா 600 பக்கம் வரும்னு வைங்க. ஹாஃப் ஃபேர்ல 300 கூட்டல் 150, 450. எட்டு நாள் டிராவல் பாஸும் அதே 440 பக்கம். சமம். சமமா வந்தா யோசிக்காம டிராவல் பாஸ் எடுங்க, கணக்குல வராத டிராம், சும்மா ஏறுன படகு, மழை நாள்ல போற மியூசியம் எல்லாம் இலவசமாயிடும், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தையைக் கைல பிடிச்சுக்கிட்டு டிக்கெட் மெஷின் முன்னாடி நிக்க வேண்டாம்.

நான் வெச்சிருக்கிற விதி இதுதான்: ஹாஃப் ஃபேர் ஒரு ஆளுக்கு 50 ஃபிராங்குக்கு மேல மிச்சம் பிடிச்சா ஹாஃப் ஃபேர், அதுக்குக் கீழ வந்தா டிராவல் பாஸ். அம்பது ஃபிராங்குக்காக வாரம் முழுக்க டிக்கெட் தேடறது லீவுல தேவையில்லாத வேலை. முதல் வகுப்பைப் பத்தி கேக்கவே கேக்காதீங்க, ரெண்டாம் வகுப்பு ஜன்னலும் அதே மலையைத்தான் காட்டுது.

7. ஒரே பகுதியா? பிராந்திய பாஸை இப்ப பாருங்க

ஒரே ஊர்ல நாலஞ்சு நாள் தங்கி தினமும் ஒரு மலை ஏறப் போறீங்கன்னா மட்டும் இந்தப் படி. மத்தவங்க தாண்டிடுங்க.

லூசர்ன் பக்கம் டெல் பாஸ், 2, 3, 4, 5, 10 நாள்னு கிடைக்கும். ரிகி, பிலாட்டஸ், டிட்லிஸ், ஸ்டான்ஸர்ஹார்ன், ஏரிப் படகு எல்லாம் முழுசா அடங்கும், 6லேர்ந்து 15 வயசுக்கு குழந்தை பாஸ் எத்தனை நாள்னாலும் 30 ஃபிராங்க் தான். மூணு பெரிய மலையை மூணு நாள்ல ஏற பிளான் இருந்தா இதை எதுவும் ஜெயிக்க முடியாது. மழை பெஞ்சு ஒரே மலைதான் ஏற முடிஞ்சதுன்னா நஷ்டம், அதான் இதோட குணம்.

இன்டர்லாக்கன் பக்கம் யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ். ஃபர்ஸ்ட், ஹார்டர் குல்ம், வெங்கன், மென்லிஹென், கிளைனே ஷைடெக், ரெண்டு ஏரிப் படகு எல்லாம் வரும். ஆனா பேர்ல யுங்ஃப்ராவ் இருக்கே தவிர உச்சி அதுல அடங்காது. ஐகர்கிளெட்ஷர் ஸ்டேஷன் வரைக்கும்தான், அங்கேர்ந்து யுங்ஃப்ராவ்யோக்குக்கு தனி டிக்கெட். ஷில்ட்ஹார்னும் இதுல வராது. ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தா இந்தப் பாஸோட விலையும் குறையும், அதனால ரெண்டையும் சேர்த்து ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ் இன்னும் பெரிய பரப்பு, நாள் அதிகமா தங்கினா தான் வேலைக்கு ஆகும்.

பிராந்திய பாஸ்ல எல்லாரும் மறக்கிறது ஏர்போர்ட்லேர்ந்து அங்க போய் சேர்ற செலவும் திரும்ப வர்ற செலவும். அதையும் கூட்டினதுக்கு அப்புறம் தான் ஒப்பிடணும்.

8. வாங்குற வரிசை

விசா கைக்கு வர்ற வரைக்கும் தேதி போட்ட எதையும் வாங்காதீங்க. இந்தியாலேர்ந்து ஷெங்கன் விசா சீசன்ல இழுக்கும், தேதி மாறினா ரீஃபண்டுக்கு அலையணும்.

அதுக்கு அப்புறம் இப்படி:

முதல்ல ஹாஃப் ஃபேரோ டிராவல் பாஸோ. எஸ்பிபி தளத்துலயே ஃபிராங்க்ல வாங்கலாம், ரூபால விக்கிற கடைங்கள்லயும் வாங்கலாம், விலையை ரூபாயா மாத்தி உங்க கார்டோட ஃபாரெக்ஸ் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிட்டுட்டு எது கம்மியோ அதை எடுங்க. பேரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே எழுத்து மாறாம போடுங்க. நம்ம இனிஷியல் பிரச்சனை தெரிஞ்சதுதானே, பாஸ்போர்ட்ல எப்படி விரிச்சிருக்கோ அப்படியே.

ரெண்டாவது, டிராவல் பாஸோட முதல் நாள். பாஸ் நாள் கணக்கு அன்னைக்கு காலைலேர்ந்து மறுநாள் விடியற்காலை 5 மணி வரைக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஃபிளைட் இறங்குதுன்னா அன்னைக்கு பாஸை ஆரம்பிக்காதீங்க, அந்த ஒரு வழிக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கிட்டு மறுநாள்லேர்ந்து பாஸ். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தான் ஊர் சுத்துவோம்னு சொல்றவங்களுக்கு ஃபிளெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரு மாசத்துக்குள்ள வேணும்கிற நாளை எடுத்துக்கலாம், விலை கொஞ்சம் அதிகம், ஏறுறதுக்கு முன்னாடி அந்த நாளை ஆன்லைன்ல ஆக்டிவேட் பண்ணணும். மறந்தா டிக்கெட் இல்லாம போனதுக்கு சமம்.

மூணாவது, ஹாஃப் ஃபேர் எடுத்தவங்களுக்கு மட்டும்: தூரமா போற நாளுக்கு சேவர் டே பாஸ் பாருங்க. நாடு முழுக்க ஒரு நாள் சுத்தலாம், ஆறு மாசம் முன்னாடியே விற்பனைக்கு வரும், ஹாஃப் ஃபேர் இருந்தா 29 ஃபிராங்க்லேர்ந்து ஆரம்பிக்கும், நாள் நெருங்க நெருங்க ஏறும். ஊர் மாறுற நாள் மாறாதுன்னா அந்த நாளுக்கு எடுத்து வைங்க. இதையும் மலை நாளுக்கு எடுக்காதீங்க, யுங்ஃப்ராவ்யோக், டிட்லிஸ் உச்சியெல்லாம் இதுல முழுசா வராது.

சுவிஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்களா? ஈழத்து குடும்பங்க அங்க ஊருக்கு ஊர் இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டா "கெமெய்ன்டல டே பாஸ் எடுத்துத் தர்றேன்"னு சொல்லுவாங்க. அது நகராட்சி அலுவலகத்துல விக்கிற ஒரு நாள் பாஸ், கோட்டா உண்டு, பத்து நாளுக்கு முன்னாடி எடுத்தா கம்மி விலை, கடைசி நேரத்துல எடுத்தா அதிகம். ஆனா அவங்க வெச்சிருக்கிற ஹால்ப்டாக்ஸ் கார்டை (அங்க வாழறவங்களோட ஹாஃப் ஃபேர் கார்டு) நீங்க காட்டிட்டு போக முடியாது, அது ஆள் பேர்ல உள்ளது. அவங்களும் உங்களுக்காக வர்ற டூரிஸ்ட் டிராவல் பாஸை தங்களுக்கு வாங்க முடியாது, வெளிநாட்டுல வசிக்கிறவங்களுக்குத்தான் அது.

நாலாவது, சீட் ரிசர்வேஷன். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ்னு மலை வழியா போற சுற்றுலா ரயில் ரெண்டுக்கும் பாஸ் இருந்தாலும் தனியா காசு கட்டி சீட் போடணும். குழந்தைங்களோட எட்டு மணி நேரம் கிளேசியர் எக்ஸ்பிரஸ்ல உக்காரணுமான்னு நல்லா யோசிங்க, எனக்கு அது வேண்டாத செலவு. பெர்னினா பாதைல சாதாரண ரயிலும் அதே தண்டவாளத்துல ஓடுது, ரிசர்வேஷன் வேண்டாம், ஜன்னலும் திறக்கலாம். லூசர்ன்லேர்ந்து இன்டர்லாக்கன் போற வண்டியும் அப்படித்தான், சும்மா ஏறி ஏரியைப் பாக்கலாம்.

9. மலை டிக்கெட்டை கடைசி வரைக்கும் தள்ளுங்க

வாங்கறதுல இது அஞ்சாவது, வேணும்னே தனியா வெச்சிருக்கேன்.

மலை டிக்கெட்டோட விலை ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தாலும் முதல் நாள் ராத்திரி எடுத்தாலும் பெரும்பாலும் ஒண்ணுதான். மேகம் மூடினா மேல வெள்ளைச் சுவர் தான் தெரியும், 240 ஃபிராங்க் வெள்ளைச் சுவருக்கு. அதனால இன்டர்லாக்கன்ல மூணு நாள் இருக்கீங்கன்னா எந்த நாள் யுங்ஃப்ராவ்யோக்னு ஊர்லேர்ந்து முடிவு பண்ணாதீங்க. முதல் நாள் ராத்திரி வானிலை பாருங்க, காலைல எழுந்ததும் மலை உச்சி வெப்கேமைப் பாருங்க, எல்லா பெரிய மலைக்கும் நேரலை கேமரா இருக்கு. கீழ பனிமூட்டம் இருந்தும் மேல பளிச்சுன்னு வெயில் அடிக்கிற நாளும் உண்டு, அதனால ஜன்னலை மட்டும் நம்பாதீங்க.

ஒரே விதிவிலக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் யுங்ஃப்ராவ்யோக். கூட்டம் ஜாஸ்தி, மேல போற ரயிலுக்கு சீட் ரிசர்வேஷன் போடணும், டிக்கெட்டுக்கு மேல அது தனிக் காசு. அந்த மாசங்கள்ல ரெண்டு நாள் முன்னாடி வானிலை தெளிவானதும் போட்டுடுங்க, காலை முதல் வண்டிங்களைக் குறி வைங்க, மதியத்துக்கு மேல மேகம் ஏறுறது கோடைல சகஜம்.

போகும்போது கிரின்டெல்வால்ட் டெர்மினல்லேர்ந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார், 15 நிமிஷத்துல ஐகர்கிளெட்ஷர். திரும்பும்போது கிளைனே ஷைடெக், வெங்கன் வழியா ரயில்ல மெதுவா இறங்குங்க. காலைல நேரம் மிச்சம், சாயங்காலம் குழந்தைங்க தூங்கிட்டே வரலாம்.

10. வண்டில ஏறுற அன்னைக்கு

சாதாரண ரயில்ல ஏற கேட் எதுவும் கிடையாது, யாரும் தடுக்க மாட்டாங்க, அதனால டிக்கெட் வேண்டாம்னு அர்த்தம் இல்ல. செக் பண்ண வருவாங்க, இல்லாட்டி 100 ஃபிராங்க் பக்கம் அபராதம். பாஸ் பிடிஎஃப், ஃபேமிலி கார்டு, பாஸ்போர்ட் மூணும் ஒரே ஆள் கைல இருக்கட்டும். அப்பா பாஸை வெச்சுக்கிட்டு ஒரு ரயில் பெட்டில, அம்மாவும் குழந்தைங்களும் வேற ரயில் பெட்டில உக்காந்தா பதில் சொல்ல முடியாது. ஃபோன் சார்ஜ் போகும்னு பிரிண்ட் ஒண்ணு எடுத்து வைங்க.

இன்டர்லாக்கன்ல ரெண்டு ஸ்டேஷன், வெஸ்ட், ஓஸ்ட். மலை வண்டி எல்லாம் ஓஸ்ட்லேர்ந்து தான். அங்க கிளம்புற வண்டி ஸ்வைலூட்ஷினன்ல ரெண்டா பிரியும், ஒரு பாதி லாட்டர்புரூனன், இன்னொரு பாதி கிரின்டெல்வால்ட். பிளாட்ஃபாரம் போர்டுல ஏ, பி, சினு எந்தப் பகுதி எந்த ஊருக்குன்னு போட்டிருக்கும், பெட்டி மேலயும் எழுதியிருக்கும். காலியா இருக்கேன்னு கிடைச்ச பெட்டில ஏறினா லாட்டர்புரூனன் ஹோட்டலுக்கு போக வேண்டியவங்க கிரின்டெல்வால்ட்ல போய் நிப்பீங்க.

வண்டி மாற ஆப் குடுக்கிற நேரம் சில இடத்துல அஞ்சாறு நிமிஷம் தான். தள்ளுவண்டியும் பெட்டியும் தாத்தாவும் இருக்கிற கூட்டத்துக்கு அது பத்தாது. அடுத்த வண்டி பெரும்பாலும் அரைமணியிலோ ஒரு மணியிலோ வரும், பாஸ் எந்த வண்டிக்கும் செல்லும், ஓடாதீங்க. சூப்பர்சேவர் எடுத்தவங்களுக்கு இந்த வசதி கிடையாது, அதனால அதை எடுத்தீங்கன்னா வண்டி மாறாம நேரா போற வழிக்கு மட்டும் எடுங்க.